இருபதா, இருபத்தொன்றா

தேதி கிழிக்கும் காலண்டரில் ராகுகாலம் ஒரு நிமிடம் தப்பினால் போதும், சிவகாசி அச்சகத்துக்கு நாற்பது பேர் போன் போட்டுத் திட்டுவார்கள். ஆனால் அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் வரும் ‘இதே நாளில்’ பகுதியில் எந்த ராஜாவை எந்த வருடத்தில் சாகடித்தாலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பகுதியை எழுதியும் மெய்ப்புப் பார்த்தும்தான் தெய்வக்கனி முப்பத்தைந்து வருடமாகச் சம்பளம் வாங்கிவந்தாள். படிக்க ஆளில்லாததை எழுதுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகத் தப்பாக எழுத அவளுக்கு மனம் வராது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். விடிவதற்கு முன் நடந்தது எதுவானாலும் அது முந்தின நாள் என்பாள். நிலவில் மனிதன் இறங்கியபோது நம் ஊர்க் கடிகாரத்தில் ஜூலை இருபத்தொன்று பிறந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதை எடுத்துக் காட்டிய புதுப் பையன்களிடம், “அந்த நேரத்துல யாரு எந்திரிச்சு தாளைக் கிழிச்சான்? சுவத்துல இருபதுதானே தொங்கிச்சு?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

2061ஆம் வருடம் ஜூலை இருபதாம் தேதித் தாளை அவள் மடக்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள். ஆடி நான்கு, புதன். அடியில் இரண்டு வரி இருந்தது. ‘1969: நிலவில் மனிதன் இறங்கினான். 2039: ஏரிப் பாலத்தில் கல்லூரிப் பேருந்து கவிழ்ந்து 19 மாணவர் பலி.’ இரண்டையும் எழுதியவள் அவள்தான். அந்தப் பத்தொன்பதில் ஒருத்தி அவளுடைய ஒரே மகள் இதழினி. இருபத்தொரு வயது, ஏழாம் இருக்கை.

2039 ஜூலை இருபது மாலை பெங்களூருக்கு வேலைத் தேர்வுக்குக் கிளம்பிய பேருந்து விடியற்காலை நாலு பத்துக்குக் கவிழ்ந்தது. ஐந்து மணிக்குப் போன் வந்தபோது சுவரில் இருபதுதான் தொங்கியது. குளித்து, விளக்கேற்றி, பிறகுதான் தாளைக் கிழிப்பது அந்த வீட்டு வழக்கம். அன்று யாரும் குளிக்கவில்லை, யாரும் கிழிக்கவில்லை. அதிலிருந்து உறவு முழுக்க ‘இருபதாந்தேதி’ என்றே சொல்லிப் பழகிவிட்டது. இறப்புச் சான்றிதழ் வந்த உறையைத் தெய்வக்கனி பிரிக்காமல் பீரோவில் வைத்தாள். அதைப் படித்தால் மகள் செத்தது உறுதியாகிவிடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

இப்போது அந்த உறையை நாளிணைப்பு அலுவலகத்தில் பிரித்தவன் நித்திலன் என்ற இளம் அதிகாரி. பிரித்ததும் அவன் முகம் மாறியது.

“இதுல இருபத்தொண்ணுன்னு இருக்கேம்மா.”

அவள் வாங்கிப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடம் ஊருக்கெல்லாம் தேதி திருத்தியவள், தன் மகள் செத்த தேதியை அன்றுதான் முதல் முறை படித்தாள்.

அவன் நிதானமாகவே விளக்கினான். இறந்த காலத்துக்குப் போன் பேச முடியும் என்பது மூன்று வருடமாக ஊருக்கே தெரியும். குலுக்கலில் பெயர் வந்தவர்கள் வாழ்நாளில் ஒரு முறை, மூன்று நிமிடம் பேசலாம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

“அதே தேதி, அதே நேரம். பூமி சுத்தி வந்து பழைய எடத்துல நிக்கிறப்பதான் லைன் சேரும். இன்னைக்குப் பன்னெண்டு இருபதுக்குப் பேசுனா, அன்னைக்குப் பன்னெண்டு இருபதுக்கு அங்க மணியடிக்கும். சம்பவம் நடந்த தேதியில மட்டுந்தான் பேசலாம்னு சட்டம். இருபத்தொண்ணுன்னா நீங்க நாளைக்கு வரணும். நாங்க தொறக்குறதே ஒம்பது மணிக்கு.”

ஒன்பது மணிக்குப் பேசி என்ன செய்வது? நாலு பத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். தெய்வக்கனி சான்றிதழைத் தவிர வேறு எதையும் ஏற்க மாட்டீர்களா என்று கேட்டாள். நடப்பு வருடத்து அச்சு ஏதாவது ஒன்றில் தேதி இருந்தால் போதும் என்றான். அவள் காலண்டர் தாளை நீட்டினாள். அவன் தாளைப் பார்த்தான், விண்ணப்பத்தில் அவள் உத்தியோகத்தைப் பார்த்தான்.

“இதை எழுதினதே நீங்கதானா?”

“ஆமா.”

சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்தவன் போலக் கொஞ்சம் இருந்துவிட்டு முத்திரை குத்தினான். இதே பேருந்துக்கு நான்கு பேர் ஏற்கெனவே வந்ததாகவும், சான்றிதழில் இருபத்தொன்று இருந்ததால் திருப்பி அனுப்ப நேர்ந்ததாகவும் சொன்னான். இப்போது உள்ளே பேசிக்கொண்டிருக்கும் அம்மாதான் முதன்முதலில் இந்தத் தாளைக் கொண்டுவந்தவராம். அந்த நான்கு பேருக்கும் இது தோன்றவில்லையே என்று அவன் வருத்தப்பட்டது உண்மையான வருத்தம்தான்.

பிறகு அவன் சொன்ன விதிதான் கடுமையானது. விபத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது. பேருந்து கவிழும் என்று ஒரு சொல் வந்தாலும் இணைப்பை அறுத்துவிடுவார்கள். விபத்தே நடக்காமல் போனால், அதைத் தடுக்க இங்கிருந்து யாரும் பேசியிருக்க மாட்டார்கள், பேசாவிட்டால் விபத்து நடந்துவிடும். அதனால் சம்பவம் அப்படியே நிற்க வேண்டும், தன் ஆளை மட்டும் உருவிக்கொள்ளலாம்.

“பேசிட்டு வெளிய வந்தா பழைய இருபத்திரண்டு வருசமும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், புதுசும் இருக்கும். அறைக்குள்ள இருக்கவங்களுக்கு மட்டுந்தான் அப்படி. வெளிய இருக்க எங்களுக்கெல்லாம் எது மாறினாலும் எப்பவும் அப்படியே இருந்த மாதிரிதான் தோணும்.”

நடையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் தெய்வக்கனி உட்கார்ந்தாள். இன்னொன்று காலி, அதில் கைப்பையை வைத்தாள். மணி பன்னிரண்டைத் தாண்டியது. ராகுகாலம் தொடங்கிவிட்டது என்று அவளுக்குத் தாளைப் பார்க்காமலே தெரியும். தமிழ்நாடு முழுக்க அந்த நேரத்தில் நல்ல காரியம் செய்யாதே என்று அச்சடித்துக் கொடுத்தவள், அதே நேரத்தில்தான் மகளைக் கேட்க வந்திருக்கிறாள். இருக்கட்டும் என்று நினைத்தாள். நல்ல நேரத்தில் கிளம்பிய பேருந்துதானே அது.

அறைக்கதவு திறந்து பழுப்புச் சேலை கட்டிய பெண் ஒருத்தி வந்தாள். கிடைத்ததா என்று தெய்வக்கனி ஆவலாகக் கேட்டாள். அந்தப் பெண் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தெய்வக்கனியின் மடியில் கிடந்த விண்ணப்பம் அவள் கண்ணில் பட்டது. இருக்கை எண் ஏழு. படித்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

அறைக்குள் ஒரு மேசையும் பழைய மாதிரி ஒரு போனும் மட்டும் இருந்தன. எடுத்ததுமே அடுத்த முனையில் பெண் பிள்ளைகளின் சத்தம், தட்டுகள் மோதும் ஓசை. கல்லூரி விடுதியில் சாப்பாட்டு நேரம்.

“ஹலோ, யாருங்க?”

தெய்வக்கனி இந்த மூன்று நிமிடத்துக்காக ஒரு வருடம் ஒத்திகை பார்த்திருந்தாள். அவ்வளவும் மறந்துபோனது. பத்து விநாடி வீணாக அழுதாள்.

“இதழு, அம்மா பேசுறேன்.”

“இது எங்கம்மா நம்பர் இல்லையே. குரலும் வேறயா இருக்கு.”

“ஒண்ணாப்பு படிக்கறப்ப பொறந்தநாள் சீக்கிரம் வரணும்னு பதினோரு தாளை மொத்தமாக் கிழிச்சே. ரெண்டு பேரும் சோத்துப் பருக்கை வச்சு ஒட்டினோம். அப்பாகிட்ட சொல்லல.”

மறுமுனையில் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“அம்மா? என்னாச்சும்மா? இப்பதானே பேசினேன். காத்திருப்புப் பட்டியல்ல ஆறு பேரு, நான்தான் முதல்ல. ஏழாம் சீட்டுக்காரி திடீர்னு வரலைன்னுட்டா, எனக்குக் கிடைச்சிருச்சுன்னு சொன்னேன்ல.”

“அந்த பஸ்ஸுல நீ போகாதே.”

“வேலை போயிரும்மா.”

“போகட்டும். வயித்த வலின்னு சொல்லிட்டு வீட்டுக்கு வா. காரணம் கேக்காதே. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதே.”

சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை விதிக்காகச் சொன்னதல்ல. மற்ற பிள்ளைகளை நினைக்க அவளுக்கு நேரமில்லை, நினைக்க விருப்பமும் இல்லை. மகள் சரி என்று சொன்ன பிறகு மிச்சமிருந்த ஒரு நிமிடமும் அவள் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

வெளியே வந்தபோது இரண்டு ஞாபகங்களும் ஒன்றாக வந்து விழுந்தன, ஒட்டிக்கொண்ட இரண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பது மாதிரி. ஒன்றில் சாம்பல் வாங்கிய மண்பானை. இன்னொன்றில் மதுரையில் தனியாக வாடகை வீட்டில் இருக்கும், தீபாவளிக்கு மட்டும் போன் பேசும், ஏனென்று சொல்லாமல் விலகியே இருக்கும் நாற்பத்து மூன்று வயது மகள். உயிரோடு இருக்கிறாள். அது போதும்.

பைக்காக நாற்காலிப் பக்கம் போனாள். பை தரையில் இருந்தது. நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்ட கிழவர் ஒருவர் காலண்டர் தாளோடு உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே போகும்போது அங்கே யாரும் இல்லை.

“உங்களுக்குக் கிடைச்சுதாம்மா?” என்று அவர் ஆவலாகக் கேட்டார்.

மடியில் அவருடைய விண்ணப்பம். பெயர் அருள்ராஜ். மகள் ஜோஸ்லின். இருக்கை எண் ஏழு.

பழுப்புச் சேலைக்காரி ஏன் வாயைப் பொத்தினாள் என்று தெய்வக்கனிக்கு அப்போது விளங்கியது. திடீரென்று ‘வரமாட்டேன்’ என்று சொன்ன ஏழாம் சீட்டுக்காரி யாருடைய மகள், அவளைச் சொல்லவைத்தது யார் என்பதும் விளங்கியது. போன் அடித்தது. மகள்.

“பேசிட்டியாம்மா?” என்றாள் இதழினி. “வயசான குரல்ல நீ பேசின அன்னைக்கு எனக்கு ஒண்ணும் புரியல. மறுநாள் புரிஞ்சுபோச்சு. சீட்டை ஜோஸ்லினுக்குக் குடுத்தது நான்தான். அவ என்னைக் கட்டிப்பிடிச்சு தேங்க்ஸ் சொன்னா.”

“ஏன்டி இத்தனை வருசமா என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ பேசாம விட்டுருவியோன்னு பயம். நான் சாகப் பயந்துட்டேன்மா.” அவள் அழவில்லை. “அவங்கப்பா அங்க இருக்காரா?”

இருக்கிறார் என்றாள் தெய்வக்கனி. மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

நித்திலன் கையில் சான்றிதழோடு வந்தான். கிழவருடையதிலும் இருபத்தொன்று. தாளில் இருபது. தாளை எழுதியவரே இங்கே இருப்பதால் வாயால் உறுதி சொல்லிவிட்டால் முத்திரை போட்டுவிடலாம் என்றான். தெய்வக்கனி அவனைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள். அதே இருக்கையை இன்னொருவர் தொட்டால், இப்போது கிடைத்தது கலையாமல் இருக்குமா என்று கேட்டாள்.

“கலையாதுன்னு நினைக்கிறோம். உத்தரவாதம் எல்லாம் குடுக்க முடியாதும்மா.”

இருபத்தொன்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. சான்றிதழே சாட்சி. மகள் பத்திரமாக இருப்பாள். அவள் கிழவரைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றிருந்தார். ஏதோ நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் தான் கண்ணாடியில் பார்த்த முகம் அது.

“இருபதுதான்,” என்றாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அவர் உள்ளே போனார், கதவு மூடிக்கொண்டது.

அன்று மதியம் தெய்வக்கனி அந்த வார்த்தையை எத்தனை முறை சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியாது. கதவுக்கு வெளியே இருந்தவள் அவள். ஒவ்வொரு முறை கதவு மூடியபோதும் உள்ளே போனவர் இருந்ததும், அவரிடம் பேசியதும், பயந்ததும் அவளிடமிருந்து அழிந்துபோயின. அந்த நாற்காலியில் காலையிலிருந்தே வேறொருவர் உட்கார்ந்திருந்ததாக அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு மணிக்குக் கைத்தடி ஊன்றிய ஒரு தாய். ஒன்று இருபதுக்குத் தங்கைக்காக வந்த அண்ணன். ஒன்று நாற்பதுக்குக் காது கேட்காத தகப்பனும் அவருக்குச் சைகையில் சொல்ல வந்த மருமகளும். எல்லார் மடியிலும் ஏழாம் இருக்கை. ஒவ்வொரு முறையும் நித்திலன் சான்றிதழோடு வந்தான், ஒவ்வொரு முறையும் அவள் அவனைத் தள்ளி அழைத்துப் போய் உத்தரவாதம் கேட்டாள், ஒவ்வொரு முறையும் அவன் இல்லை என்றான். அவளுக்கு அது ஒவ்வொரு முறையும் முதல் முறைதான். எதிரே நின்ற முகத்தைப் பார்த்ததும் இருபது என்றே சொன்னாள். இரண்டு மணிக்குப் பட்டியலில் ஆறாவதாக இருந்த பெண்ணின் தாய் உள்ளே போனாள். அதன் பிறகு அந்த இருக்கையைக் கொடுக்க யாரும் இல்லை.

இரண்டு மணி ஐந்து. நடையில் தெய்வக்கனி தனியாக இருந்தாள். பக்கத்து நாற்காலி காலி. அதில் அவள் பை இருந்தது, அவள் வைத்த இடத்திலேயே.

நித்திலன் சாப்பிட்டுவிட்டு வந்தவன், அவளைப் பார்த்து நின்றான். பன்னிரண்டு இருபதுக்கே வேலை முடிந்தும் ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டான். அவளுக்கே தெரியவில்லை. கால் ஓய்ந்துபோனது மாதிரி இருந்தது, ரொம்பத் தூரம் நடந்துவிட்டு வந்தவள் மாதிரி. பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தாள். ‘2039: ஏரிப் பாலத்தில் கல்லூரிப் பேருந்து கவிழ்ந்து 18 மாணவர் பலி.’ பழைய ஞாபகத்தில் பத்தொன்பது, இப்போது பதினெட்டு. சரியாகத்தான் இருக்கிறது. தன் மகள் இறங்கிக்கொண்டாள், இருக்கை காலியாகப் போனது, வேறு யாருக்கும் கெடுதல் இல்லை. அந்த எண்ணம் அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்தப் பழுப்புச் சேலைக்காரிக்குத்தான் பாவம், லைன் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

போன் அடித்தது. இதழினி வாசலில் நிற்பதாகவும், இன்னும் சாப்பிடவில்லை என்றும் சொன்னாள். கூட, கல்லூரிக் காலத்துத் தோழி ஜோஸ்லினும் வந்திருக்கிறாளாம். தெய்வக்கனி உம் என்று மட்டும் சொன்னாள்.

அவள் எழுந்தபோது நித்திலன் ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றான். திருப்பி அனுப்பிய அந்த நான்கு பேருக்கும் கடிதம் போடலாம் என்று இருக்கிறானாம். காலண்டர் தாளோடு அடுத்த வருடம் வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று. ஒருத்தர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், அடுத்த வருடம் வரை தாங்கினால் வருவார்.

“நடப்பு வருசத்து அச்சா இருக்கணும், அதான் கேக்குறேன். அடுத்த வருசக் காலண்டர்லயும் இருபதுன்னுதானே போடுவீங்க?”

தெய்வக்கனி படிக்கட்டைப் பார்த்தாள். கீழே வாசலில் மகளின் செருப்புச் சத்தம் கேட்பது போல் இருந்தது. அந்தப் பேருந்தில் இன்னும் பதினெட்டு இருக்கைகள். ஒவ்வொன்றாக யாராவது வந்து தொடுவார்கள், எது எங்கே கலையும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நான்கு பேரை அவள் பார்த்ததில்லை. அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

“உத்தரவாதம் உண்டா?” என்று கேட்டாள்.

“எதுக்கும்மா?”

அவள் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். தாளைச் சுவரில் வைத்து, 2039 என்று தொடங்கிய வரி முழுவதையும் நேராக ஒரு கோடு போட்டு அடித்தாள். மெய்ப்புப் பார்ப்பவர்கள் செய்வது போல ஓரத்தில் அம்புக்குறி போட்டு, அடுத்த நாளுக்கு மாற்றவும் என்று எழுதினாள்.

“அது தப்பா அச்சாயிருச்சு தம்பி,” என்றாள். “இருபத்தொண்ணுதான் சரி.”

பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு மகளைப் பார்க்கப் படியிறங்கினாள்.